இருமல் அட்டை

மார்ச் 6

அப்பாவுக்கு,

நீங்கள் பத்திரமாக வந்து இறங்கியதாக லைன்மேன் மாமா போன் செய்தார். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். "காது கேக்கலைன்னு கையாலயே சொல்றான்மா. டீ வேணுமான்னு முணுமுணுத்தா மட்டும் நல்லா கேக்குது" என்றார். உங்கள் போன் இங்கே சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மறந்து வைத்ததாகத் தெரியவில்லை. சார்ஜரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அதனால் கடிதம்.

பிரஷர் மாத்திரை முப்பது அனுப்புகிறேன். காலையில் ஒன்று. பெட்டிகளைப் பிரித்து மாத்திரைகளை மட்டும் வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் தாளை வழக்கம்போல் உருவிவிட்டேன். அம்மா அந்தத் தாள்களை வாய்விட்டுப் படிப்பாள். 'வாந்தி, தலைசுற்றல், தோலில் தடிப்பு' என்று படித்த சாயங்காலமே மூன்றும் வரிசையாக அவளுக்கு வந்துவிடும். கடையிலேயே தாளை எடுத்துவிடுவது என்று அப்போது நீங்களும் நானும் செய்துகொண்ட ஏற்பாடு, அவள் போய்ப் பதினோரு வருடம் ஆகியும் என் கையை விடவில்லை. ஒரு பக்கம் வெள்ளையாக இருப்பதால் என் மேசை இழுப்பறையில் சேர்ந்து கிடக்கின்றன. கல்லூரி வேலைக்கு, கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பேசிய தொனி தவறு. பேசிய விஷயம் தவறு என்று என்னால் எழுத முடியவில்லை. அக்டோபரிலிருந்து இருமுகிறீர்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. மூன்று பாட்டில் இருமல் மருந்துக்கும் கேட்கவில்லை. பையில் எப்போதும் புதினா மிட்டாய். சட்டையில் புகை வாசனை. நாங்கள் படுத்த பிறகு மொட்டைமாடிக்குப் போகிறீர்கள். கடைசியாக, தலையணைக்கு அடியில் தீப்பெட்டி. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் யாரும் என்ன முடிவுக்கு வருவார்களோ அதற்குத்தான் நானும் வந்தேன்.

உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்ததற்கு மட்டும் வருந்துகிறேன்.

மாத்திரையை விடாமல் போடுங்கள்.

மகள்

*

மார்ச் 14

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

நலம் என்று எழுதினால் ஆதாரம் கேட்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தீப்பெட்டி காது குடைய. அதைப் பறிமுதல் செய்து வைத்திருக்கிறாயே, திறந்து பார். பாதிக் குச்சிகளுக்குமேல் தலை இருக்காது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் காதில் விடுவேன். தலை இல்லாத குச்சியால் நெருப்புப் பற்றவைக்கும் வித்தை எனக்குத் தெரியாது.

புதினா மிட்டாய் தொண்டைக்கு. சட்டை வாசனை உங்கள் கேட் வாட்ச்மேனுடையது. அவன் ஊதுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஏன் உட்கார வேண்டும் என்று கேட்பாய். அந்த நாற்பத்தெட்டு வீட்டில் என்னைப் பார்த்து "சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்கிற ஆள் அவன் ஒருவன்தான். மொட்டைமாடிக்குப் போனது இருமுவதற்கு. மாப்பிள்ளை விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவர். சுவர் மெல்லிசு. மனுஷன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதனாலேயே எனக்குக் கூச்சம்.

அவர் எதிரில்தான் நீ அதைச் சொன்னாய். "அம்மாவையும் சேர்த்துப் புகைச்சிட்டீங்கப்பா." முப்பத்துமூன்று வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவன் நான். நாய் குரைத்திருக்கிறது, ஆட்கள் திருடன் என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். யாரும் இப்படிச் சொன்னதில்லை.

எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். உன் அம்மா கையைப் பிடித்து நான் விடுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து உன் வீட்டு வாசலைத் தாண்டிய நாள்வரை, ஒரு சிகரெட்கூட என் உதட்டைத் தொட்டதில்லை. இந்த வரியில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்.

இங்கே லைன்மேன் வீட்டு மாடி அறை. வெளிப்பக்கம் இரும்புப் படி, பதின்மூன்று. ஐந்தாவது ஆடும். ஜன்னலைத் திறந்தால் டிரான்ஸ்பார்மர். லைன்மேன் தினமும் காலையில் அதை அண்ணாந்து பார்த்து, "என்னடா, உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறான். என்னை அதற்கு அப்புறம்தான்.

வீடுகளில் மீட்டர் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குமே, தேதி, ரீடிங், எடுத்தவர், வீட்டுக்காரர் கையெழுத்து என்று கோடு போட்டு. அதே மாதிரி ஒன்று போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். இருமலுக்கு. எண்ணுவது லைன்மேன். உன்னை மாதிரி ஆளுக்கு என் வார்த்தை போதாது, அல்லவா?

ரீடிங் (மார்ச் 13): பகல் 31, இரவு 19. வீட்டுக்காரர் கையெழுத்து: காலி.

அப்பா

*

மார்ச் 25

அப்பாவுக்கு,

குச்சிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. தலை இல்லாதவை இருபத்தாறு. மீதிப் பதினைந்துக்குத் தலை இருக்கிறது.

லைன்மேன் மாமாவின் சாட்சியை ஏற்க முடியாது. அவர் அந்தக் காலத்தில் உங்களோடு சேர்ந்து மின்வாரிய டிப்போ சுவருக்குப் பின்னால் ஊதியவர்.

பரீட்சை வேலை தொடங்கிவிட்டது. பிறகு எழுதுகிறேன். வேண்டியது இருந்தால் கேளுங்கள்.

மகள்

*

மே 3

மகளுக்கு,

ஒரு நல்ல செய்தி. இருமல் நின்றுவிட்டது.

கேலி இல்லை. ஏப்ரல் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முப்பது, இருபத்திரண்டு, ஒன்பது, நாலு. போன வாரம் முழுக்க அட்டையில் முட்டைதான். லைன்மேன் எண்ண ஒன்றும் இல்லாமல் கடுப்பாகிவிட்டான். "என்னடா, தொழிலை விட்டுட்டியா?" என்று கேட்கிறான்.

காரணம் என்ன என்று நானும் அவனும் உட்கார்ந்து ஆராய்ந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது இது: உன் வீட்டுக் காற்று. ஒன்பதாவது மாடி, எல்லா ஜன்னலும் சாத்தி, ஏசி போட்டு, ஒரு தூசி இல்லாமல், ஒரு சத்தம் இல்லாமல். அந்தச் சுத்தம் என் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வருத்தப்படாதே, உனக்கு அது ஒத்துக்கொள்கிறது.

மாத்திரை ஏப்ரல் 8-ஆம் தேதியோடு தீர்ந்துவிட்டது. நீ அனுப்புவாய் என்று இருந்தேன். பிறகு, கேட்டால்தான் அனுப்புவாள் போலிருக்கிறது என்று புரிந்தது. கேட்க மனம் வரவில்லை. கடையில் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்கிறார்கள். சீட்டு உன் கைப்பையில்.

இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறேன். சாயங்காலமானால் பிடரி கொஞ்சம் கனக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

ரீடிங் (மே 2): பகல் 0, இரவு 0.

அப்பா

*

மே 8

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருபத்தைந்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறீர்கள். பிடரி கனப்பது சாதாரணமில்லை. நான் கேட்காமலே அனுப்பியிருக்க வேண்டும். கேட்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

கூரியரில் அறுபது மாத்திரையும் சீட்டின் நகலும் அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கே தொடங்குங்கள். லைன்மேன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரஷர் பாருங்கள். என்ன காட்டியது என்று எழுதுங்கள்.

இருமல் நின்றது சந்தோஷம். அட்டையில் எழுதுவதை நிறுத்த வேண்டாம். மாத்திரை போட்ட நேரத்துக்கும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் எண்களை எனக்கு அனுப்புங்கள். தவறாமல் எழுதுங்கள், ஒருநாளும் விட்டுப் போக வேண்டாம். குறிப்பாக எந்தக் காரணமும் இல்லை.

மகள்

*

ஜூன் 4

மகளுக்கு,

நீ பிறந்ததிலிருந்து காரணம் இல்லாமல் எதையும் கேட்டதில்லை. நாலு வயதில் பொம்மை கேட்டபோதே மூன்று காரணம் சொன்னாய். எண்கள் வாரா வாரம் அனுப்பியிருக்கிறேன், அவற்றுக்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போகட்டும்.

பிரஷர் அன்றைக்கு நூற்றெண்பதுக்கு மேல். நர்ஸ் பெண் மறுபடி ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, எப்படி நடந்து வந்தீங்க?" என்றாள். "ஐந்தாவது படியை மட்டும் தாண்டி" என்றேன். இப்போது மாத்திரை போட்டு இறங்கிவிட்டது.

இருமல் மட்டும் திரும்பி வந்துவிட்டது. உன் பார்சல் வந்து ஒரு வாரம் ஆவதற்குள்ளேயே. "பொண்ணு மாத்திரையோட அதையும் வச்சு அனுப்பிச்சிருக்கா" என்கிறான் லைன்மேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன், சிரித்தால் இருமல் வருகிறது. முன்பைவிட மோசம். போன வெள்ளிக்கிழமை ஓர் இருமலில் விலாவில் எதுவோ கடக்கென்றது. படம் எடுத்தோம். எலும்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசலாம். இருமியே எலும்பை உடைத்த ஆள் என்று கிளினிக்கில் எனக்குப் பெயர். ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். கட்டுப் போட முடியாது, வலிக்கு மாத்திரை மட்டும். ஒவ்வொரு இருமலுக்கும் முன்னால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எங்கே போனாலும் தலையணையோடு போகிறேன். தெருவில் குழந்தைகள் வேடிக்கை பார்க்கின்றன.

எனக்கு ஒரு யோசனை வருகிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த வீட்டில் இருந்தால் இருமல், உன்னிடமிருந்து பார்சல் வந்தால் இருமல். ஒருவேளை என் உடம்புக்கு உன்னைப் பார்த்துப் பயமோ என்னவோ.

ரீடிங் (ஜூன் 3): பகல் 44, இரவு 27. இரவு எண் தோராயம். லைன்மேன் பாவம், தூங்கிவிட்டான்.

அப்பா

*

ஜூன் 9

அப்பா,

உங்கள் உடம்புக்கு என்னைப் பார்த்துப் பயம் இல்லை. அந்த மாத்திரைதான் காரணம்.

நேற்று இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அதன் தாள் கண்ணில் பட்டது. அசலையே இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்ட இடத்தைப் பாருங்கள்: 'தொடர்ச்சியான வறட்டு இருமல் ஏற்படலாம். ஏற்பட்டால் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.' பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட வரலாமாம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ வரும். நிறுத்தினால் சில வாரங்களில் போகும். நீங்கள் மாத்திரை தொடங்கியது செப்டம்பர். இருமல் தொடங்கியது அக்டோபர்.

இன்று காலை டாக்டரைப் பார்த்தேன். வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். புதுச் சீட்டும் மாத்திரையும் இந்தப் பார்சலில். கையில் கிடைத்த மறுநாள் காலையிலிருந்து பழையதற்குப் பதிலாக இது. ஒருநாளும் இடைவெளி விடக்கூடாது, வெறுமனே நிறுத்தவும் கூடாது. பழைய மாத்திரைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஒரு வாரத்தில் பிரஷர் பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனையும் உண்டு.

நீங்கள் புகைக்கவில்லை. நான் சொன்னது பொய். உங்கள் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். அவர், "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "அப்ப ஏன் சொல்லலை?" என்றேன். "நீ கேக்கலையே" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. எழுதுகிறேன்.

மகள்

*

ஜூன் 16

(அஞ்சலட்டை)

மகளுக்கு,

மாத்திரை மாற்றியாகிவிட்டது.

தாளைப் படித்தேன். பிறகு திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை, மீட்டருக்குப் பின்னால்தான் ஒயரைத் திருட்டுத்தனமாக மாற்றியிருப்பார்கள்.

பின்பக்கம் உன் கையெழுத்தில் மூன்று பத்தி. 'மாத்திரையுடன்.' 'மாத்திரை இல்லாமல்.' 'மறுபடி மாத்திரையுடன்.' முதல் இரண்டிலும் நான் எழுதிய எண்கள். மூன்றாவது காலி. மேலே தேதி, மே 5.

பார்சல் அனுப்பியது மே 8.

நான் எடுத்த ரீடிங் சரியா? தப்பென்றால் சொல், திருத்திக்கொள்கிறேன்.

*

ஜூன் 22

அப்பா,

சரி.

ஐந்து நாளாக இந்த ஒரு சொல்லுக்குக் கீழே எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இனிக் கிழிக்கப் போவதில்லை.

உங்கள் மே மாதக் கடிதம் வந்த அன்று, மாத்திரை தீர்ந்த தேதியையும் இருமல் குறைந்த தேதிகளையும் பார்த்தவுடன் எனக்குத் தோன்றிவிட்டது. இழுப்பறையைத் திறந்து தாளைத் தேடி எடுத்தேன். வரி இருந்தது. கோடு போட்டேன். அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். வீட்டிலிருந்து இருபது நிமிடம்.

நான் தாளைத் திருப்பிப் பத்தி போட்டேன்.

ஒருமுறை நின்றது தற்செயலாக இருக்கலாம், மறுபடி கொடுத்து மறுபடி வந்தால்தான் உறுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரஷருக்கு மாத்திரை உடனே வேண்டும், கையில் இருப்பது இதுதான் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் வகுப்பில் சொன்னால் எடுபடும் காரணங்கள். மூன்றாவது ஒன்று உண்டு. நீங்கள் மாத்திரை போட்டும் இருமல் வராமல் இருந்தால், நான் மார்ச்சில் சொன்னது சரியாகிவிடும். அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று விட்டுவைத்தேன். என் அப்பா பொய்யராக இருக்கட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். சொந்த அப்பாவின் மூச்சில் சோதனை செய்துவிட்டு, எண்களை வாரா வாரம் தபாலில் வாங்கிக்கொண்டேன். முதல் வாரத்து எண்களிலேயே விடை வந்துவிட்டது. இன்னொரு வாரம் பார்ப்போம் என்றேன். அப்புறம் இன்னொன்று. விலாவில் விரிசல் விழுந்தது நாலாவது வாரத்தில்.

மூன்றாவது பத்தியை நான் நிரப்பவே இல்லை. நிரப்பினால் அது என் கையெழுத்தில் இருக்கும்.

நகல் எடுக்க அடுத்த மேசையிலேயே இயந்திரம் இருந்தும் ஏன் அசலை அனுப்பினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் திருப்பிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாததைக் கவரில் போட்டுவிட்டு, 'நேற்றுக் கண்ணில் பட்டது' என்று மேலே ஒரு பொய்யும் எழுதினேன்.

இன்னும் இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்த அன்று அந்த டாக்டர், "வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறாரா?" என்று கேட்டார். உங்களைத்தான் கேட்டார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான், "பிரஷருக்கு ஒண்ணு, அது சாதாரணமானதுதான்" என்றேன். பெயரை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். "முன்னாடி சிகரெட் பழக்கம் உண்டு டாக்டர்" என்று குறுக்கே சொன்னேன். பேனா அந்தப் பக்கம் போய்விட்டது. பெயரை எழுதவே இல்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் சுவரில் இருந்த எடைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி இது. மே 25, ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே வந்தேன். இவரிடம் கல்லூரியில் வேலை என்று சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். டிரான்ஸ்பார்மரை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். உங்கள் ஜன்னல் திறந்திருந்தது. எதிரில் இருந்த பூட்டிய தையல் கடை நிழலில் நின்றேன். நீங்கள் இருமுவது தெருவரைக்கும் கேட்டது. மேலே போய், "அப்பா, அந்த மாத்திரையை நிறுத்துங்க, வாங்க டாக்டர்கிட்ட போலாம்" என்று சொல்லத்தான் வந்தேன். சத்தியமாக அதற்குத்தான் வந்தேன்.

நின்ற இடத்திலேயே எண்ண ஆரம்பித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் பதினேழு. கைப்பையில் இருந்த டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன். பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

அந்த டிக்கெட்டும் என்னிடம் இருக்கிறது. நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று எழுத மாட்டேன். எந்த வீட்டுக்கு வரச் சொல்வேன்? உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். லைன்மேன் மாமா எழுதினாலும் போதும்.

மகள்

*

ஜூலை 3

இன்ஸ்பெக்டருக்கு,

விலா பரவாயில்லை. தலையணையை விட்டுவிட்டேன், தெருக் குழந்தைகளுக்கு ஏமாற்றம். பிரஷர் நூற்றுமுப்பத்தெட்டு. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்கள். இருமல் மறுபடி முட்டையை நோக்கிப் போகிறது.

புது மாத்திரையின் தாளை நானே கடையில் கேட்டு வாங்கினேன். லைன்மேனை உட்கார வைத்து வாய்விட்டு முழுக்கப் படித்தேன், உன் அம்மா மாதிரி. திடீரென்று எழுந்தால் தலை சுற்றலாம் என்று போட்டிருக்கிறது. உடனே எழுந்து பார்த்தேன். சுற்றவில்லை. அவனுக்குச் சுற்றியது. கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு. உன் அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரும் நல்ல ஜோடி.

அவள் படித்துக்கொண்டே இருந்திருந்தால் என் இருமலை முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பாள். அவள் கையிலிருந்து தாளைப் பிடுங்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அதை உன் ஒருத்தி தலையில் ஏற்ற மாட்டேன்.

மற்றதற்கு என்ன சொல்வது என்று பத்து நாள் யோசித்தேன். பரவாயில்லை என்று எழுத வரவில்லை. மே மாதத்தை நினைத்தால் இன்னும் வலிக்கிறது, விலா மட்டும் இல்லை. வீடு பூட்டியிருந்தால் நாங்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வருவோம். 'வந்தோம், ஆள் இல்லை, மறுபடி வருகிறோம்.' ஜன்னல் திறந்து, ஆள் உள்ளே இருந்து, சத்தமும் கேட்டு, படியேறாமல் எண்ணிக்கொண்டு போன ரீடரை என் சர்வீசில் பார்த்ததில்லை. இதை உன்னைக் குத்துவதற்கு எழுதவில்லை. குத்தினால் குத்தட்டும்.

நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். இனி நான் சொல்லாமல் இருந்தால் அது என்னைத் தின்றுவிடும்.

மார்ச் 14-ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பார். தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். 'உன் வீட்டு வாசலைத் தாண்டிய நாள்வரை' என்று ஒரு வரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார் என்றும் எழுதினேன். தீக்குச்சியை எண்ணினாய், லைன்மேனைச் சந்தேகப்பட்டாய், அந்த வரியை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டாய்.

மார்ச் 2, உன் வீட்டிலிருந்து இறங்கிப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. கடையில் ஒரு சிகரெட் வாங்கினேன். தீப்பெட்டி உன்னிடம், அதனால் ஒரு டிரைவரிடம் நெருப்பு வாங்கினேன். செய்யாததற்குத்தான் தண்டனை ஆகிவிட்டதே, செய்துவிட்டே போவோம் என்று ஒரு வீம்பு. பதினோரு வருடம், நாலு மாதம். பாதிகூட இழுக்க முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. மிதித்து அணைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் கையை நினைத்துக்கொண்டேன். ரொம்ப மெலிந்திருக்கும், கடைசியில்.

நான் சொன்னது பொய் என்று எழுதினாயே, அது அன்றைக்குக் காலையில் பொய்தான். சாயங்காலம் நான் அதை உண்மையாக்கிவிட்டேன். அது யாருடைய தப்பு என்று நானும் பத்தி போட்டுப் பார்த்தேன், நிரப்ப முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ வா. போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வா. அந்த பஸ் டிக்கெட்டையும் கொண்டு வா, பதினேழை அட்டையில் ஏற்ற வேண்டும், மே 25-க்கு லைன்மேன் எண்ணியது கம்மியாக இருக்கிறது.

தையல் கடைப் பக்கம் நிற்காதே. படியேறி வா. ஐந்தாவது ஆடும், கம்பியைப் பிடித்துக்கொள்.

ரீடிங் (ஜூலை 2)
இருமல்: பகல் 2, இரவு 1.
சிகரெட்: அரை. மார்ச் 2, பஸ் ஸ்டாண்டு.
எடுத்தவர்: அப்பா
வீட்டுக்காரர் கையெழுத்து: